மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பல, வருடத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடப்பவை. படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது), கல்யாணம், பொங்கல் என்று ஏதாவது வந்தால்தான் நிலைக்கதவு திறக்கும். திறந்த கையோடு மெயினைப் போடுவார்கள். வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், நாலு பல்பு எரியும், முகப்பில் ஃபேன் சுற்றும். "கரண்டெல்லாம் சரியா இருக்கு" என்று அத்தோடு அந்த விஷயம் முடிந்துவிடும். மறுநாள் இரண்டாங்கட்டில் கிரைண்டர், பின்கட்டில் கிணற்று மோட்டார், மாடியில் ஏ.சி., குளியலறையில் ஹீட்டர், வாசலில் சீரியல் செட் என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஏறும்.

பல்பு எரிவதற்குக் கரண்டைக் கொண்டுவரும் ஃபேஸும், அதைத் திரும்பக் கொண்டுபோகும் நியூட்ரலும் போதும். ஒழுகுகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் இருக்கிறதா இல்லையா என்பதை எரிகிற பல்பு காட்டிக்கொடுக்காது. ஆகவே பழைய வீட்டை மின்சாரத்துக்காகப் பார்க்கப் போகிறவர், பல்பை விட்டுவிட்டு பிளக் பாயிண்டில் தொடங்குவது நல்லது. அதிலும் மேலே இருக்கிற பெரிய ஓட்டையில்.

முதலில் சுவரில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வீடுகளில் வயரிங் ஒன்று என்று சொல்லவே முடியாது. மூன்று நான்கு வயரிங் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். ஆகப் பழையது, தேக்குக் கேசிங்குக்குள் (பள்ளம் வெட்டி மூடி போட்ட மரச்சட்டம்) ஓடும் ரப்பர் வயர். மேலே துணிப் பின்னல் போட்டிருக்கும். அதற்கடுத்தது, மரப்பட்டியில் கிளிப் அடித்து வெளியே தெரிய ஓடுகிற பட்டி வயரிங். 1960களிலும் 70களிலும் போட்டதென்றால் உள்ளே அலுமினியக் கம்பி இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு பி.வி.சி. பைப். கடைசியாக ஏ.சி.க்கென்று மீட்டரிலிருந்து தனியாக இழுத்த லைன். ஒவ்வொரு தலைமுறையும் பழையதைக் கழற்றாமல், அதன் வாலில் தன்னுடையதை முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போயிருக்கும். கோளாறு பெரும்பாலும் இந்த முறுக்குகளில்தான்.

பழைய ரப்பர் வயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் அது. கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால் கம்பிக்கு வெள்ளீயம் பூசியிருப்பார்கள். செம்பு வெள்ளையாகத் தெரிவது அதனால். இத்தனை வருடத்தில் ரப்பர் காய்ந்து முறுக்குப்போல ஆகியிருக்கும். தொடாமல் விட்டால் அது தன் இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஃபேன் மாற்றுகிறேன், சுவிட்ச் மாற்றுகிறேன் என்று நுனியை வளைத்தீர்களோ, கறுப்புத் தூளாகக் கொட்டி, கேசிங்குக்குள் அரை அடி தூரம் வரை கம்பி அம்மணமாகிவிடும். வெளியே தெரியாது. சுற்றிலும் இருப்பது எண்ணெய்ப் பசையுள்ள நூறு வருடத் தேக்கு. "நல்லாத்தானே ஓடிக்கிட்டு இருந்துச்சு, சுவிட்ச் மாத்தின பிறகுதான் பிரச்சினை" என்று ஆச்சிமார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த வயரில் சுவிட்ச் மட்டும் மாற்றுகிற வேலையே கிடையாது; போர்டிலிருந்து அடுத்த சந்திப்பு வரை வயரோடு சேர்த்து மாற்ற வேண்டும்.

சரி, பிளக் பாயிண்டுக்கு வருவோம்.

வட்டமான மரக்கட்டை, அதன் மேல் பழுப்பு நிற பேக்கலைட், அதில் இரண்டு உருண்டை ஓட்டை. இதுதான் மூல வடிவம். இதற்கு எர்த் கிடையாது, கிடையாது என்று முகத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த வகையில் இது நேர்மையான பிளக் பாயிண்ட். மொபைல் சார்ஜர், மேஜை விளக்கு தவிர வேறெதையும் இதில் செருக வேண்டியதில்லை. ஆபத்து வருவது, இதைக் கழற்றிவிட்டு அதே இரண்டு வயரில் பளபளவென்று மூன்று ஓட்டை சாக்கெட்டைப் பொருத்தும்போது. பார்ப்பவர் எர்த் இருக்கிறதென்று நம்பி அயர்ன் பாக்ஸைச் செருகுவார்.

மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் என்ன இருக்கும்? இந்தப் பக்க வீடுகளில் நான்கு விதம் கிடைக்கும். ஒன்றுமே இல்லாமல் வெறும் திருகு. தண்ணீர்க் குழாயிலோ ஜன்னல் கம்பியிலோ கட்டிய கம்பி. நியூட்ரலோடு சேர்த்துப்போட்ட குட்டி வயர். உண்மையிலேயே எர்த் குழிக்குப் போகிற வயர். நான்காவதுதான் சரி, அதிலும் ஒரு சிக்கல் உண்டு, பிறகு சொல்கிறேன்.

தண்ணீர்க் குழாய் ஒரு காலத்தில் இரும்பாக மண்ணுக்குள் போனது. நடுவில் எங்கோ ஒரு பிளம்பர் இரண்டடி பி.வி.சி. மாட்டியதும் அந்த எர்த் செத்தது. அதற்கப்புறம் கிரைண்டரில் ஒழுகுகிற கரண்டு மிச்சமிருக்கும் இரும்புக் குழாயில் ஏறி, குளியலறையில் குழாயைத் திறப்பவர் கையில் இறங்கும்.

மூன்றில் மோசம் நியூட்ரல் இணைப்பு. வயர்மேன் நல்லெண்ணத்தில்கூடச் செய்திருப்பார்: நியூட்ரலும் ட்ரான்ஸ்ஃபார்மரில் எர்த் ஆகிறது, ஆகவே இரண்டும் ஒன்றுதானே என்று. டெஸ்ட் பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்தால் ஜம்மென்று எரியும். "எர்த் கொடுத்தாச்சு ஆச்சி" என்பார். இப்போது அந்த சாக்கெட்டுக்கு முன்னால் எங்கோ நியூட்ரல் அறுந்துவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ் கரண்டு அயர்ன் பாக்ஸுக்குள் சூடாகும் கம்பிச்சுருள் வழியாக நியூட்ரல் முனைக்கு வந்து, திரும்ப வழியில்லாமல், குட்டி வயர் வழியே எர்த் முனைக்கு ஏறும். எர்த் முனை அயர்ன் பாக்ஸின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. முழு 230 வோல்ட்டும் கைபடுகிற இரும்பில் நிற்கும். அயர்ன் பாக்ஸ் சூடாகாது, "கரண்டு இல்லை போல" என்று தொட்டுப் பார்ப்பார்கள்.

நியூட்ரல் அறுவது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். பழைய இரும்பு மெயின் பெட்டியைத் திறந்தால் இரண்டு பீங்கான் ஃப்யூஸ் கட்டை இருக்கும், ஒன்று ஃபேஸில், ஒன்று நியூட்ரலில். அந்தக் காலத்து வழக்கம் அது. நியூட்ரல் ஃப்யூஸ் மட்டும் உருகினால் வீடு இருட்டாகும், ஆனால் எல்லா வயரிலும் ஃபேஸ் அப்படியே நிற்கும். மேலே சொன்ன குட்டி வயரும் இதுவும் ஒரே வீட்டில் சேர்ந்தால், ஃப்யூஸ் போன அந்த நிமிடத்தில் கிரைண்டரும் ஃபிரிட்ஜும் ஃபேஸாக மாறும். நியூட்ரலில் ஃப்யூஸ் இருந்தால் அதை எடுத்துவிட்டு உருகாத செம்பு இணைப்பு போட வேண்டும். இன்னும் நல்லது, அந்தப் பெட்டியையே எடுத்துவிட்டு, இரண்டு கம்பியையும் சேர்த்து வெட்டுகிற டபுள் போல் ஐசொலேட்டர் வைப்பது.

பார்க்கிற முறை இது. வீட்டுக்காரர் மல்டிமீட்டரால் மூன்று அளவு எடுக்கலாம், ஏ.சி. (மாறுமின்னோட்ட) வோல்ட் அளவில் வைத்து. சாக்கெட்டை நேருக்கு நேர் பார்த்தால் வலப்பக்கம் ஃபேஸ், இடப்பக்கம் நியூட்ரல், மேலே எர்த். வலத்துக்கும் இடத்துக்கும் 230 வாக்கில் வர வேண்டும். வலத்துக்கும் மேலுக்கும் ஏறத்தாழ அதே அளவு. இடத்துக்கும் மேலுக்கும் ஓரிரு வோல்ட். வலத்துக்கும் மேலுக்கும் 60, 90 என்று அலைகிற எண் வந்தால் எர்த் வயர் எங்கோ தொங்குகிறது. இடத்தில் ஃபேஸ் வந்தால் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சுவிட்சை அணைத்தாலும் கருவிக்குள் கரண்டு இருக்கும். இடத்துக்கும் மேலுக்கும், பக்கத்தில் பெரிய லோடு ஓடும்போதும் அசையாமல் சுத்த பூஜ்யமே வந்தால் குட்டி வயரைச் சந்தேகிக்கலாம். உறுதி செய்ய மெயினை அணைத்து சாக்கெட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

மூன்று அளவும் சரியாக வந்துவிட்டால் எர்த் நல்லது என்று அர்த்தமா? கிடையாது. மீட்டர் எடுக்கிற கரண்டு மிக மிகக் கொஞ்சம். தலைமுடி கனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் எர்த்தும் அதற்குப் போதும். 100 வாட் குண்டு பல்பு எரிவதும் சாட்சியாகாது. அந்த பல்பின் எதிர்ப்பு எரியும்போது 500 ஓமுக்குக் கொஞ்சம் மேல். எர்த் 100 ஓம் என்று படுமோசமாக இருந்தாலும் பல்புக்கு 190 வோல்ட் கிடைத்து நன்றாகவே எரியும். எர்த் குழியின் எதிர்ப்பை அதற்கான எர்த் மெகரால் வயர்மேன் அளக்க வேண்டும். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரின் நியான் விளக்கை நம்பி இங்கே எந்த முடிவும் எடுக்க முடியாது. பக்கத்து வயரின் தூண்டலிலேயே அது மினுக்கும்.

இப்போது அந்த நான்காவது விதத்தின் சிக்கல். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் சுற்றிலும் மண் செம்மண், கொஞ்சம் தோண்டினால் செம்புறாங்கல். மழை பெய்தால் வடிந்துவிடும், வெயிலில் செங்கல்போல் இறுகும். எர்த் குழி வேலை செய்வது ஈரத்தால்தான். குழியில் கரியும் உப்பும் அடுக்குவது ஈரத்தைப் பிடித்துவைக்கத்தான். ஆள் இருக்கும் வீட்டில் யாராவது ஒரு குடம் ஊற்றுவார்கள். பூட்டிய வீட்டில் குழி காய்ந்து, உப்பு கரைந்துபோய், உள்ளே இருக்கும் ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்பு) துரு ஏறி நிற்கும். குழியே எங்கே என்று தெரியாத வீடுகளும் உண்டு, மேலே சிமெண்டுத் தளம் போட்டு மூடியிருப்பார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குழியின் எதிர்ப்பு 20 ஓம். கிரைண்டரில் ஃபேஸ் உடம்பைத் தொட்டுவிட்டது. எர்த் வழியாக ஓடும் கரண்டு 230ஐ 20ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். லைனில் இருக்கும் எம்.சி.பி., அதாவது கரண்டு அளவு மீறினால் தானே விழுந்து லைனை வெட்டும் சுவிட்ச், 16 ஆம்பியர். அது விழாது. 11.5 ஆம்பியர் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும், கிரைண்டர் உடம்பில் ஆபத்தான வோல்டேஜ் நின்றுகொண்டே இருக்கும். எர்த் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, ஷாக்கும் இருக்கிறது. இந்த மண்ணில் எர்த்தையும் எம்.சி.பி.யையும் மட்டும் நம்பி இருக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

ஆர்.சி.சி.பி. இங்கேதான் வருகிறது. ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று மட்டும் அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் 0.3 நொடிக்குள் வெட்டும். 150 மில்லி ஆம்பியர் என்றால் 0.04 நொடிக்குள். ஈரக்கையோடு ஃபேஸைத் தொட்டவர் உடம்பில் ஓடுவது கிட்டத்தட்ட அந்த இரண்டாவது அளவு. எர்த் குழி 20 ஓம் என்ன, 1000 ஓமே இருந்தாலும் 30 மில்லி ஆம்பியர் ஓடிவிடும், விழுந்துவிடும். அதற்காக எர்த்தை விட்டுவிடலாம் என்று இல்லை. எர்த் இருந்தால், கோளாறு வந்த அந்தக் கணமே விழும். எர்த் இல்லாவிட்டால், யாராவது தொட்ட பிறகுதான் விழும். ஷாக் அடித்துவிட்டு விழுவதற்கும் அடிக்காமலே விழுவதற்கும் உள்ள தூரம் அது. ஒரு கை ஃபேஸிலும் ஒரு கை நியூட்ரலிலும் இருந்தால் ஆர்.சி.சி.பி.க்குத் தெரியாது. ஓவர்லோடும் அதற்குத் தெரியாது, எம்.சி.பி. கூடவே வேண்டும்.

பழைய வீட்டில் ஆர்.சி.சி.பி. மாட்டியதும் நடப்பது என்ன? விழும். திரும்பப் போட்டால் திரும்ப விழும். "இது இந்த வீட்டுக்குச் சரிப்பட்டு வராது" என்று உள்ளே வரும் வயரையும் வெளியே போகும் வயரையும் நேராகச் சேர்த்துவிட்டு, பெட்டியில் அழகுக்கு விட்டுவிடுவார்கள். இப்படி வெறும் முகமாக நிற்கும் ஆர்.சி.சி.பி.யைக் கண்டுபிடிக்க, அதன் மேலிருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தினாலே போதும். விழுந்தால் உயிர் இருக்கிறது. விழாவிட்டாலும், விழுந்தும் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் வயர்மேனைக் கூப்பிடுங்கள். அது விழுவது அதன் குறை கிடையாது. வீட்டில் எங்கோ ஒழுக்கு இருப்பதை உள்ளபடி சொல்கிறது. மேலே பார்த்த நியூட்ரல் குட்டி வயர் ஒரு காரணம். ஈரம் ஏறிய ரப்பர் வயர் இன்னொன்று. மூன்றாவது காரணம் இந்த ஊர் வீடுகளுக்கே உரியது, அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஒரே வீட்டில் பங்காளிகள் நாலு பேர், ஐந்து பேர். ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு மீட்டர். வளவும் முகப்பும் பொது. பாகம் பிரித்தபோது சுவரும் கதவும் எழுத்தில் பிரிந்தன. சுவருக்குள் ஓடும் வயர் பிரியவில்லை. ஒருவர் மீட்டரின் ஃபேஸ், அடுத்தவர் மீட்டரின் நியூட்ரல் என்று ஒரு வளவு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், இரண்டும் வேறு வேறு கணக்கில் இருக்கும். அத்தனை வருடம் யாருக்கும் தெரியாது. ஒருவர் ஆர்.சி.சி.பி. போட்ட அன்று தெரியும்: அவருடைய ஃபேஸில் போன கரண்டு அவருடைய நியூட்ரலில் திரும்பவில்லை, ஆகவே விழுகிறது.

விழுவதாவது பரவாயில்லை. பெரிய ஆபத்து, உங்கள் மெயினை அணைத்துவிட்டுக் கை வைக்கும்போது. உங்கள் அறைப் போர்டில் ஒரு வயர் பெரியப்பா வீட்டு மீட்டரிலிருந்து வந்துகொண்டிருக்கும். இன்வெர்ட்டர் இருந்தால் அதுவும் ஒரு பக்கம் ஊட்டும். கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் வந்து, சேஞ்ஓவர் சுவிட்ச் (தெரு லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்ப்பது) இல்லாமல் சாக்கெட் வழியே கொடுத்திருந்தால் தெருக் கம்பி வரை கரண்டு போகும். லைன்மேன் அங்கே ஏறியிருப்பார். ஆகவே இந்த வீடுகளில் மெயின் அணைந்தது என்பதை அத்தாட்சியாக எடுக்கக் கூடாது. உயிருள்ள ஒரு பாயிண்டில் டெஸ்ட் பல்பை எரியவைத்துப் பாருங்கள். பிறகு வேலை செய்யப் போகிற போர்டில் ஒவ்வொரு வயரையும் பாருங்கள். மறுபடி உயிருள்ள பாயிண்டில் பல்பு இன்னும் எரிகிறதா என்று பாருங்கள். கழற்றிய ஃப்யூஸ் கட்டை வேலை முடியும்வரை வேலை செய்கிறவர் சட்டைப் பையில் இருக்கட்டும்.

அடுத்தது சூடு. ஷாக்கைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். மரமும் பழைய துணியும் பெட்டி பெட்டியாகச் சாமான்களும் அடைத்த வீட்டில், லூஸ் கனெக்‌ஷனுக்கு அதே அளவு பயப்பட வேண்டும்.

சாக்கெட்டின் வலது, இடது ஓட்டைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். சுற்றிலும் தேநீர்க் கறை மாதிரி பழுப்பு வளையம் இருக்கிறதா? பிளாஸ்டிக் கொஞ்சம் உப்பியிருக்கிறதா? உள்ளே இருக்கும் பித்தளை இதழ் தளர்ந்துவிட்டது. பிளக்கைச் செருகினால் பிடிக்காமல் தானே தொங்கும். பிடிப்பு தளர்ந்த இடத்தில் 0.1 ஓம் எதிர்ப்பு சேர்ந்தாலே, 10 ஆம்பியர் ஓடும்போது அங்கே 10 வாட் சூடு பிறக்கும். பட்டாணி அளவு இடத்தில் 10 வாட். சூட்டில் இதழ் இன்னும் தளரும், பித்தளை கறுக்கும், எதிர்ப்பு கூடும், சூடு கூடும். இதில் எம்.சி.பி.யோ ஃப்யூஸோ விழாது, ஏனென்றால் கரண்டு கூடவே இல்லை. மீன் வாடை மாதிரி ஒரு காந்தல் வாசம் வந்தால் சாக்கெட்டின் பிளாஸ்டிக் வேகிறது. அதைத் துடைத்து, இதழை இடுக்கியால் நெருக்கி மறுபடி போடுவது வீண்வேலை. ஒருமுறை வெந்த இதழுக்கு வில்தன்மை திரும்பாது. சாக்கெட்டை மாற்றிவிடுங்கள், செருகிய பிளக்கையும் சேர்த்து. வெந்த பிளக் முள் புது சாக்கெட்டையும் கெடுக்கும்.

மாற்றும்போது கறுத்த செம்பை வெட்டித் தள்ளி, பளிச்சென்று வரும்வரை போக வேண்டும். நீளம் போதாவிட்டால் முறுக்கி டேப் சுற்றக் கூடாது. திருகு கனெக்டர் போட்டு, கை எட்டும் பெட்டிக்குள் வைக்கலாம். 10 மி.மீ. அளவு உரித்து, ஒல்லிக் கம்பியென்றால் இரட்டையாக மடித்துத் திருக வேண்டும். திருகிய பிறகு ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். முன்னாலிருந்து வலம் என்பது பின்னாலிருந்து இடம். பின்பக்கம் பார்த்து வயர் கொடுக்கிறவர்கள் மாற்றிவிடுவது இங்கேதான். அலுமினியக் கம்பி என்றால் செம்போடு நேராக முறுக்கவே கூடாது. காற்றுப் பட்டதும் அதன்மேல் படியும் படலம் கரண்டைத் தடுக்கும், திருகின் அழுத்தத்தில் கம்பி மெல்ல நசுங்கித் தளரும். இரண்டுக்கும் பொருந்தும் கனெக்டர் வேண்டும், அல்லது அந்த லைனையே செம்பாக மாற்ற வேண்டும். இரண்டாவதையே சொல்வேன்.

இன்னொரு ஏமாற்று: புது 16 ஆம்பியர் முகம், பின்னால் பழைய 1/18 வயர். பழைய வயர்மேன்கள் இழையை எண்ணித்தான் அளவு சொல்வார்கள். 1/18 என்றால் ஒரே கம்பி, ஏறத்தாழ 1.2 சதுர மி.மீ.; 3/20 ஏறத்தாழ 2; 7/20 ஏறத்தாழ 4.6. விளக்குக்குப் போட்ட 1/18இல் 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஓடினால் எடுப்பது 8.7 ஆம்பியர், அதுவும் மணிக்கணக்கில். 1500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர் எடுக்கும், 6 ஆம்பியர் சாக்கெட்டைத் தாண்டிவிட்டது. 16 ஆம்பியர் சாக்கெட் என்றால் பின்னால் குறைந்தது 2.5 சதுர மி.மீ. செம்பு, ஏ.சி.க்கு 4, இரண்டும் தனித்தனி லைனாக, தனித்தனி எம்.சி.பி.யோடு. பீங்கான் ஃப்யூஸ் கட்டை இன்னும் இருக்கிற வீட்டில் அதைப் பிடுங்கிப் பாருங்கள். 5 ஆம்பியருக்கு 0.2 மி.மீ. ஃப்யூஸ் கம்பி, 15க்கு 0.5 மி.மீ. கட்டியிருக்க வேண்டும். கட்டியிருப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு வயரிலிருந்து உரித்த கம்பி. ஃப்யூஸில் இருப்பதும் சுவரில் ஓடுவதும் ஒரே கனம் என்றால் எது முதலில் உருகும் என்பது அதிர்ஷ்டத்தின் கையில்.

விசேஷ நாட்களின் லோடைப் பழைய வயரிங்கில் ஏற்றவே வேண்டாம் என்பது என் கட்சி. மீட்டர் பக்கத்தில் ஒரு தற்காலிக போர்டு, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யோடு, அதிலிருந்து மூன்று கோர் கேபிள் இரண்டாங்கட்டுக்கு ஒன்று, பந்தலுக்கு ஒன்று. சீரியல் செட் போடுகிறவர் ஃப்யூஸுக்கு முன்னாலேயே வயரின் தோலைச் சுரண்டிக் கொக்கி மாட்ட வந்தால் மறுத்துவிடுங்கள். கேபிள் சுருளைச் சுருட்டியபடியே வைத்து லோடு ஏற்றக் கூடாது. உள்சுற்றில் சூடு வெளியேற வழியில்லாமல் தோல் உருகி ஒட்டும். முழுவதும் அவிழ்த்துப் போட வேண்டும். இரண்டு முள் பிளக்கை நுழைக்க மேல் ஓட்டையில் பென்சிலைக் குத்துவதும் இந்த நாட்களில்தான் அதிகம் நடக்கும். எர்த் முள் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பது சும்மா இல்லை; முதலில் எர்த் சேர்ந்து, கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காக. புது சாக்கெட்டில் உள்ளே இருக்கும் மூடியைத் திறப்பதும் அந்த முள்தான்.

ஆத்தங்குடிக் கல் தரை சிமெண்டுக் கல். துடைத்த ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். வெறுங்காலோடு அதன்மேல் நின்று கிரைண்டரில் கை வைப்பவருக்கு ரப்பர் மிதியடி ஒன்று போட்டுக்கொடுப்பதில் செலவு ஒன்றுமில்லை.

சுவரைப் பற்றி. முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சில் காடி வெட்டி பைப் புதைத்தால், அந்த வடு மறையாது. சிமெண்டால் அடைத்தால் சுண்ணாம்போடு சேராது, ஓரத்தில் விரிந்து ஈரம் இறங்கும். புது லைனை வெளியே ஓட்டுங்கள்: உத்தரத்தின் மேல்பக்கம், கதவு நிலையின் ஓரம், பழைய கேசிங் போன அதே தடம். கேசிங்கே நல்ல நிலையில் இருந்தால் பழைய வயரை உருவிவிட்டு உள்ளே புது வயர் விடலாம். பள்ளத்தில் கரையான் மண் இருந்தால் வேண்டாம். முற்றத்தைப் பார்த்த சுவர்களில் சாக்கெட்டே வைக்காதீர்கள், சாரல் அடிக்கும். அங்கே தவிர்க்க முடியாதென்றால் மூடியுள்ள மழைத்தடுப்புப் பெட்டி.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பித்தளை சுவிட்சும் பீங்கான் ஹோல்டரும் வாங்கி வந்து பழைய அழகைத் திரும்பக் கொண்டுவர ஆசைப்படுகிறார்கள். புரிகிறது. பித்தளை மூடி கைபடுகிற உலோகம். அதற்கு எர்த் கொடுக்க இடமே வைத்திருக்க மாட்டார்கள். சுவரில் காட்சிக்கு இருக்கட்டும், லைன் கொடுக்க வேண்டாம்.

குளவி மண்கூடு, பல்லி, எறும்பு, எலி கடித்த வயர் எல்லாம் பூட்டிய வீட்டின் வழக்கமான விருந்தாளிகள். போர்டைத் திறந்து சுத்தம் செய்து, கடிபட்ட வயரை மாற்றுவதோடு முடிந்தது. வயரின் தோல் கரண்டை ஒழுகவிடாமல் தாங்குகிறதா என்று அளக்கும் மெகர் வைப்பதற்கு மட்டும் காலம் பார்க்க வேண்டும். எல்லா பிளக்கையும் பிடுங்கி, பல்பையும் ரெகுலேட்டரையும் கழற்றி, 500 வோல்ட்டில் வைத்தால் 1 மெகா ஓமுக்குக் குறையாமல் வர வேண்டும். பங்குனியில் எந்த ஓட்டை வயரும் பாஸாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில், மாடித்தளத்தில் ஒழுகும் வாரத்தில் வைத்துப் பாருங்கள். அப்போது வருகிற எண்தான் அந்த வீட்டின் எண்.

பணம் கொஞ்சம்தான் என்றால் வரிசை இப்படி. முதலில் ஒவ்வொரு மீட்டருக்கும் டபுள் போல் ஐசொலேட்டர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., எம்.சி.பி. பெட்டி. கூடவே புது எர்த் குழி: கட்டடத்திலிருந்து 1.5 மீட்டர் தள்ளி, 2.5 மீட்டர் நீள ஜி.ஐ. குழாய், மேலே தண்ணீர் ஊற்றப் புனல், திறந்து பார்க்க மூடி. பிறகு சமையல்கட்டு, குளியலறை, மோட்டார் மூன்றுக்கும் எர்த்தோடு தனி லைன். அறைகளின் பழைய ரப்பர் வயரை அதற்கடுத்து ஒவ்வொன்றாக. அதுவரை அந்த லைன்களுக்கு 6 ஆம்பியர் எம்.சி.பி. போட்டு, விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும் விட்டுவைக்கலாம். அங்கிருக்கும் மூன்று ஓட்டை சாக்கெட்டை எடுத்துவிட்டு வெறும் பிளேட்டால் மூட வேண்டும். லைசென்ஸ் உள்ளவரைக் கொண்டு செய்யுங்கள், அவர் மெகர் எண்ணையும் எர்த் எண்ணையும் தேதியோடு எழுதித் தரட்டும்.

வீட்டைத் திறந்த அன்று, மெயினைப் போடுவதற்கு முன் எர்த் குழியில் நாலு குடம் தண்ணீர். போட்ட பிறகு ஒவ்வொரு ஆர்.சி.சி.பி.யிலும் டெஸ்ட் பட்டன். எம்.சி.பி. பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள்: எந்த எம்.சி.பி. எந்த அறை, எந்த விளக்கு எந்தப் பங்காளி மீட்டர், குழி எந்த மூலையில். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை இரண்டு மழைக்காலத்தில் ஊறி அழிந்துவிடும்.